பதியன் போட்ட தோல்

வெளியில் சொல்லக் கூசும் இடத்தில் வரும் நோய், முதலில் வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைக்கப்படுகிறது. காலில் முள் குத்தினால் தெருவில் நாலு பேரிடம் காட்டும் மனிதர், விரைப்பையிலோ ஆசனவாய்க்கு அருகிலோ ஒரு கட்டி எழும்பினால் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பிறப்புறுப்பை ஒட்டி வந்த புண்ணைப் பெற்ற மகளிடம் சொல்லவே பெண்கள் பல நாள் தயங்குகின்றனர். அப்படித் தயங்கும் நாள்களில்தான் சிறு கட்டி பெரும் புண்ணாகிறது. அந்தப் பெரும் புண்ணை எவ்வாறு மூடுகிறார்கள், மூடிய பின் வீட்டார் செய்யவேண்டியவை எவை என்பதை இவ்விதழில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முன்னே பிறப்புறுப்பு, பின்னே ஆசனவாய், இருபக்கமும் தொடையிடுக்கு. இவற்றுக்கு நடுவே உள்ள சிறு நிலப்பரப்பை மருத்துவர்கள் ‘பெரினியம்’ என்பர். பேச்சுவழக்கில் நாம் கவட்டுப் பகுதி என்கிறோம். புண் ஆறுவதற்கு உடலில் இதைவிட வசதிக்குறைவான இடம் இல்லை. எப்போதும் ஈரம், சிறுநீரும் மலமும் கடந்துசெல்லும் வழி, நடந்தால் உராய்வு, உட்கார்ந்தால் உடலின் பாரம் முழுவதும் அங்கே. கையில் உள்ள புண்ணுக்குக் கட்டுப்போட்டால் அது ஒரு நாள் முழுவதும் இருந்த இடத்தில் இருக்கும். இங்கே ஒரு முறை கழிப்பறைக்குச் சென்று வருவதற்குள் கட்டு நனைந்துவிடும்.

இப்பகுதியில் பெருங்குழி விழுவதற்குக் காரணங்கள் பல. மலக்குடல், ஆசனவாய், பெண் பிறப்புறுப்பு ஆகியவற்றில் வரும் புற்றுநோயை அகற்றும்போது சுற்றியுள்ள தோலையும் சதையையும் சேர்த்தே எடுக்க நேர்கிறது. சாலை விபத்திலும் இயந்திரத்தில் வேட்டி சிக்கிக்கொள்ளும் விபத்திலும் தோல் உரிந்து போகிறது. முதுகுத்தண்டு அடிபட்டு உணர்விழந்தோருக்கு அழுத்தப் புண் குழியாகிறது. இவற்றைவிட வேகமாகவும் கொடுமையாகவும் வருவது ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபூர்னியே அழுகல்.

பாரிஸ் நகர மருத்துவர் ழான் ஆல்ஃப்ரெட் ஃபூர்னியே 1883ஆம் ஆண்டில், நலமாக இருந்த இளைஞர் ஐவரின் பிறப்புறுப்புப் பகுதி திடீரென அழுகிப்போனதை விவரித்தார். காரணம் தெரியவில்லை என்றே அவர் எழுதினார். இன்று நமக்குத் தெரியும்: ஆசனவாய்க்கு அருகே ஒரு சீழ்க்கட்டி, சிறுநீர்ப்பாதையில் ஓர் அடைப்பு, முடி மழிக்கும்போது பட்ட கீறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியாகப் பலவகைக் கிருமிகள் ஒருசேர உள்ளே நுழைகின்றன. தோலுக்கும் தசைக்கும் இடையே உள்ள மெல்லிய படலத்தின் வழியே அவை ஓடுகின்றன. ஓடும் வழியில் தோலுக்கு உணவூட்டும் சிறு இரத்தக்குழாய்களை அடைத்துவிடுவதால், மேலே உள்ள தோல் பட்டினியால் கறுத்துச் சாகிறது. மேற்புறம் ஒரு ரூபாய் நாணயமளவு கறுப்பாகத் தெரிந்தால், உள்ளே உள்ளங்கையளவு அழுகியிருக்கும். மருத்துவமனைகள் வெளியிட்டுள்ள பல கணக்குகளில் இந்நோய் கண்டோரில் ஐவருக்கு ஒருவரோ அதற்கும் மேற்பட்டோரோ உயிரிழந்திருக்கின்றனர். வந்து சேர்ந்த நேரமே பெரும்பாலும் பிழைப்பவரையும் பிழையாதவரையும் பிரிக்கிறது.

இந்நோய் கண்டோரில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர். தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியைவிட அதிகம். சர்க்கரை கட்டுக்கடங்காதபோது வெள்ளணுக்களின் போர்த்திறன் குன்றுகிறது. நரம்புகள் மரத்துப்போவதால் வலியும் தாமதமாகவே தெரிகிறது.

மருந்து பற்றியும் ஒரு செய்தி. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் முதலிய சர்க்கரை மாத்திரைகள் மிகுதியான சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இவ்வகை மாத்திரை உட்கொண்டோரிடையே 2013 மார்ச் முதல் 2018 மே வரை 12 பேருக்கு ஃபூர்னியே அழுகல் கண்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. மிகப் பலர் உட்கொள்ளும் மருந்தில் இது மிக அரிய நிகழ்வு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இம்மாத்திரைகள் செய்யும் நன்மை பெரிது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவேண்டா. அம்மாத்திரை உட்கொள்பவர் தொடையிடுக்கில் அரிப்பு, சிவப்பு, வீக்கம், வலி கண்டால் அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். அவ்வளவே.

உடனே ஓடிவர வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறோம். வெளியே தெரியும் புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி. காய்ச்சல், நடுக்கம். விரைப்பையோ பெண் பிறப்புறுப்பின் இதழோ மணிக்கணக்கில் வீங்கிக்கொண்டே போவது. தோல் ஊதாவாகிப் பின் கறுப்பது. கெட்ட வாடை. விரலால் அழுத்தினால் உப்புக்கல் நொறுங்குவது போன்ற உணர்வு. இவற்றுள் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இவ்வூரில் எழுதும்போது சொல்லாமல் விடக்கூடாத செய்தி மற்றொன்று. சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இடுவதும், தோல் நோய் தீர வேண்டி உடலில் பூசிக்கொள்வதும் நம் முன்னோர் காலம்தொட்டு வரும் வழக்கம். ஆடித்தபசுக்கு வருவோர் பொட்டலமாகக் கட்டி ஊருக்கு எடுத்துச்செல்வர். கோமதி அம்மன் மேல் வைத்த நம்பிக்கையில் மருத்துவமனைக்கு எவ்வித வழக்கும் இல்லை. ஆனால் மண் எந்த இடத்து மண்ணாயினும் அதில் இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். தோல் திறந்த புண்ணில் மண் கூடாது, நெற்றியில் இருக்கட்டும். சுண்ணாம்பு, பச்சிலை விழுது, மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய களிம்பு ஆகியவற்றுக்கும் இதுவே விதி. வெளியே ஏதேனும் அப்பிவைத்தால், உள்ளே தோல் கறுப்பதை மருத்துவர் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும்.

முதல் அறுவை

இந்நோய்க்கு முதல் மருத்துவம் கத்திதான். அழுகிய திசு அனைத்தையும் இரத்தம் கசியும் நல்ல திசு தென்படும் வரை வெட்டி எடுக்கின்றனர். ஒரே முறையில் முடிவதில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்வர். இதைக் கண்டு வீட்டார் பதறுவதுண்டு. முதல் தடவையே சரியாகச் செய்யாததால்தான் மறுபடியும் அழைத்துச் செல்கிறார்கள் என்று எண்ணிவிடுகின்றனர். அப்படியன்று. கிருமி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது மறுநாள்தான் தெரியும். தேவையின்றி நல்ல தோலை முதல் நாளே எடுத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த இரண்டாம் பார்வை.

விரைப்பைத் தோல் முழுவதும் போனபின் விரைகள் இரண்டும் வெளியே தொங்கும் காட்சி, கட்டு மாற்றும்போது அருகில் நிற்கும் எவரையும் கலங்கச் செய்யும். ஆயினும் விரைகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. காரணம் சுவையானது. கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகில் உருவாகின்றன. பிறகு கீழே இறங்கும்போது தமக்குரிய இரத்தக்குழாயையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. மேலே மூடியிருக்கும் தோலுக்கு இரத்தம் தொடைப் பக்கத்திலிருந்து வருகிறது. விரைக்கோ வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து நேரே வருகிறது. தோலின் குழாய்கள் அடைபட்டாலும் விரை பட்டினி கிடப்பதில்லை. புண் தூய்மையாகும் வரை ஈரத்துணியில் பொதிந்து வைப்பர். சிலருக்குத் தொடைத் தோலின் அடியில் சிறு பை செய்து அதில் இடம் தருவர்.

ஆசனவாய்க்கு மிக அருகில் புண் இருந்தால், மலம் அதன்மேல் படாதிருக்க வயிற்றில் ஒரு துளையிட்டுக் குடலின் வாயை அங்கே வைத்து, பை பொருத்துவர். இதைக் கோலாஸ்டமி என்பர். பெரும்பாலோருக்கு இது தற்காலிக ஏற்பாடு. மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதும் அகற்றிய புற்றுநோயாளிக்கு மட்டும் நிரந்தரமாகிறது. உங்களுக்கு வைத்திருப்பது எவ்வகை என்பதை முதல் நாளே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பல குடும்பங்கள் தேவையற்ற துயரத்தை இக்கேள்வி கேட்காததனாலேயே சுமக்கின்றன.

ஒட்டும் பதியனும்

அழுகல் நின்று, புண்ணின் தரை சிவந்து சதை வளரத் தொடங்கிய பிறகே மூடுவதைப் பற்றிப் பேச்சு வரும். சில நேரம் புண்ணின் மேல் பஞ்சுபோன்ற நுரைத்துண்டை வைத்து ஒட்டி, குழாய் வழியே காற்றை உறிஞ்சும் கருவியைப் பொருத்துவர். 1997இல் அமெரிக்க மருத்துவர்கள் அர்ஜெண்டாவும் மோரிக்வாஸும் வெளியிட்ட இம்முறை, நீரை வடித்துப் புண்ணைச் சுருக்கித் தரையைப் பண்படுத்துகிறது.

இனி மூடுவது எப்படி? மல்லிகைத் தோட்டம் வைத்திருப்போருக்கு இதை விளக்குவது எளிது. நம் வட்டாரத்தில் அத்தகையோருக்குக் குறைவில்லை. புதிய செடி வேண்டுமானால் இருவகையில் உண்டாக்கலாம். ஒன்று, கொடியில் ஒரு துண்டை நறுக்கி எடுத்துப் புதிய மண்ணில் நடுவது. தாய்ச்செடியோடு அதற்கு உறவு முடிந்தது. மண் ஈரமாகவும் வளமாகவும் இருந்தால் வேர்விடும், இல்லையேல் கருகும். மற்றொன்று பதியன். கொடியைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலேயே வளைத்து மண்ணில் புதைத்து வைப்பது. புதிய இடத்தில் வேர்விடும் வரை தாய்ச்செடியே அதற்கு உணவூட்டும். ஆகவே மண் சற்று மோசமாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

தோல் ஒட்டு என்பது முதல் வகை. தொடையிலிருந்து தாள்போல மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் பரப்புகின்றனர். முதல் சில நாள் அது அடித்தரையின் கசிவை உறிஞ்சியே உயிர்வாழ்கிறது. அடியில் எலும்போ குழியோ கதிர்வீச்சால் வறண்ட திசுவோ இருந்தால் பிடிக்காது. மடல் அறுவை என்பது இரண்டாம் வகை. மருத்துவர் ஃப்ளாப் என்று சொல்வது இதைத்தான். தோல், அதன் அடிக்கொழுப்பு, வேண்டுமானால் தசை ஆகியவற்றை ஒரு மடலாகப் பெயர்த்து, அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாயை அறுக்காமல், அப்படியே திருப்பிப் புண்ணின் மேல் வைத்துத் தைக்கின்றனர். ஆழமான குழியையும் இது நிரப்பும். உட்காரும் பாரத்தையும் தாங்கும். மடலை எடுத்த இடத்தை நேராகத் தைத்து மூடிவிடுவதால் அங்கே ஒரு கோட்டுத் தழும்பு மட்டும் எஞ்சும்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நெகிழிப் பொருள் எதையோ வைத்துத் தைப்பார்கள் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். உருக்கொடுத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; நெகிழிக்கும் அறுவைக்கும் தொடர்பில்லை. வைப்பது உங்கள் தோலைத்தான். பதியன் முறை நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. கன்னத்துத் தோலைத் திருப்பி மூக்கமைக்கும் வழியைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. 1792இல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் பூனாவில் அவருடைய நெற்றித் தோலை மடலாக இறக்கி, புருவங்களுக்கிடையே சிறு பாலத்தை விட்டுவைத்து, மூக்கமைத்துக் கொடுத்தார். புதிய மூக்கு வேர்விட்டபின் ஏறத்தாழ 25ஆம் நாளில் பாலத்தை அறுத்தார். லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ 1794 அக்டோபரில் இச்செய்தியை வெளியிட்டது. அதைப் படித்து வியந்த ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் லண்டனில் அதே அறுவையைச் செய்தார். பள்ளிக்கூடம் காணாத ஒரு கைவினைஞரின் அறிவு கடல்கடந்து மருத்துவ நூல்களில் ஏறியது.

எந்த மடல் யாருக்கு

இதை முடிவு செய்வது அறுவை மருத்துவரின் வேலை. ஆயினும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், என்ன சொல்கிறார் என்பது விளங்கினால் அச்சம் குறையும்.

விரைப்பைத் தோலில் பாதிக்கும் குறைவாகப் போயிருந்தால் மடலே தேவைப்படாது. எஞ்சிய தோல் ரப்பர்போல இழுபடும் தன்மையுடையது, இழுத்துத் தைத்துவிடலாம். அதற்கு மேல் போயிருந்தால் ஒட்டா மடலா என்ற கேள்வி எழும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவது, உடற்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியில் இருந்தால்தான் விந்தணு நன்கு உற்பத்தியாகும் என்பதற்காக. தடித்த கொழுப்புள்ள மடலால் போர்த்தினால் சூடு கூடும். மெல்லிய ஒட்டு குளிர்ச்சியாக இருக்கும், சுருக்கங்களோடு பார்வைக்கும் இயற்கையை ஒத்திருக்கும். மடலோ உறுதியானது, விரைவில் ஆறுவது. குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் இளைஞர் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். எழுபது வயதுக்காரரின் தேவை வேறு.

தொடையின் உட்புறத்தில் இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை நாடாபோல ஒரு மெல்லிய தசை ஓடுகிறது. கிராசிலிஸ் என்பது அதன் பெயர். தொடையை உட்பக்கம் இழுக்கும் வேலைக்குப் பெரிய தசைகள் வேறு இருப்பதால், இதை எடுத்தாலும் நடைக்குக் குறை வருவதில்லை. இதன் முதன்மை இரத்தக்குழாய் மேல்தொடையில் நுழைவதால், கீழ்நுனியை அறுத்து மேல்நோக்கித் திருப்பினால் கவட்டுப் பகுதியை எட்டும். 1976இல் அமெரிக்க மருத்துவர் மெக்ராவும் உடன்பணியாற்றியோரும் இதைக்கொண்டு யோனிக்குழாயை மீண்டும் அமைத்ததை வெளியிட்டனர். இன்றளவும் இது நம்பகமான உழைப்பாளி.

சிங்கப்பூர் மடல் என்று மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது காதில் விழுந்தால் வியக்கவேண்டா. 1989இல் அங்குள்ள மருத்துவர்கள் வீ, ஜோசப் இருவரும் விவரித்த முறை அது. தொடையும் பிறப்புறுப்பும் சந்திக்கும் மடிப்பிலிருந்து எடுப்பதால் தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். நரம்பும் உடன் வருவதால் தொடுஉணர்வும் ஓரளவு தங்கும். பெண் நோயாளிகளுக்கு இது பெரும் ஆறுதல். பின்னர் 1996இல் தாமரை இதழ் மடல் என்ற முறை வந்தது; அப்பகுதியைச் சுற்றி எடுக்கத்தக்க தோல்மடல்களை வரைந்து பார்த்தால் தாமரை விரிந்ததுபோல் இருக்கும் என்பதால் அப்பெயர்.

கதிர்வீச்சுக்குப் பின் மலக்குடலை அகற்றியவரின் நிலை வேறு. பக்கத்துத் தோலும் கதிர்வீச்சுப் பட்டு உரமிழந்திருக்கும். அந்த நிலத்துக் கொடியை அங்கேயே பதியன் போட்டுப் பயனில்லை. ஆகவே கதிர் படாத மேல்வயிற்றிலிருந்து, தொப்புளின் பக்கத்தில் நெட்டாக ஓடும் தசையைத் தோலோடு எடுத்து, வயிற்றின் உள்வழியாகவே இடுப்புக்குழிக்கு இறக்குகின்றனர். உள்ளே உண்டான வெற்றிடத்தையும் அது நிரப்பிவிடுகிறது. நீண்ட அறுவை இது. வயிற்றுச் சுவர் தளர்ந்து குடலிறக்கம் வரும் வாய்ப்பும் சிறிது உண்டு.

பிறகு வீட்டார் பொறுப்பு

அறுவை முடிந்தபின் முதல் இரண்டு மூன்று நாள்களே மடலின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை. செவிலியர் மணிக்கொருமுறை வந்து விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பது சடங்குக்காக அன்று. அழுத்தினால் வெளுத்து, விட்டால் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்பினால் நலம். மடல் குளிர்ந்து வெளுத்திருந்தால் இரத்தம் வரும் வழி அடைபட்டிருக்கலாம். ஊதாவாகி, உப்பி, நிறம் மின்னலாய்த் திரும்பினால் இரத்தம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம். நம்மவரின் கருநிறத் தோலில் இம்மாற்றங்கள் எளிதில் தெரியா. பக்கத்து நல்ல தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், புறங்கையால் சூட்டை உணருங்கள். ஐயம் தோன்றினால் இரவு இரண்டு மணியானாலும் செவிலியரை எழுப்புங்கள். சில சமயம் ஒரு தையலைத் தளர்த்துவதே மடலைக் காப்பாற்றிவிடும். விடிந்தபின் சொன்னால் பயன் இராது.

உட்காரக்கூடாது. இந்த ஒரு கட்டளையை மீறியதால் பிரிந்த தையல்கள் ஏராளம். இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும், ஒருக்களித்தோ குப்புறவோ படுத்திருக்கவேண்டும். முழங்கால்களுக்கிடையே தலையணை, இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றுதல். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி ‘சாய்ந்து’ சாப்பிடுவதும் உட்காருவதற்குச் சமம்தான். மூலநோய்க்காரர் வாங்கும் காற்றடைத்த வளையத்தை உறவினர் அன்போடு வாங்கி வருவர். அதன்மேல் அமர்ந்தால் நடுப்பகுதி கீழ்நோக்கி இழுபட்டுத் தையலுக்குத்தான் கேடு. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருநெல்வேலியில் அறுவை செய்துகொண்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் ஏறத்தாழ 55 கிலோமீட்டரைப் பேருந்து இருக்கையில் கடப்பது எந்தவகையிலும் தகாது. படுத்துவரத்தக்க வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

உணவைப் பற்றிய நம் வழக்கங்களில் ஒன்றை இங்கே வன்மையாக மறுக்கவேண்டியுள்ளது. புண் இருக்கிறது, சீழ் பிடிக்கும் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பு அனைத்தையும் நிறுத்திவிட்டு இரசஞ்சோறும் ரொட்டியுமாகக் கொடுக்கின்றனர். புண்ணை அடைக்கும் சதை புரதத்தால் ஆனது. பெரும் புண் நாள்தோறும் கசியும் நீரில் புரதம் கரைந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பதியனுக்குப் பத்தியம் பகை. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்க்கு முட்டையும் பயறும் பாலும் மீனும் மருந்து. மலம் இறுகாதிருக்க நீரும் நார்க்காய்களும் வேண்டும். முக்குவதும் தையலை இழுக்கும்.

பீடி. இதைப் பல குடும்பங்கள் சுற்றிப் பிழைக்கும் வட்டாரத்தில் இருந்துகொண்டு சொல்கிறோம்: புகையிலையின் நிகோடின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ஒற்றைக் குழாயை நம்பி உயிர்வாழும் மடலுக்கு அது கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும். திட்டமிட்ட அறுவையாயின் நான்கு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். அவசர அறுவையாயின் அன்றே. கழிப்பறைக்குச் சென்று இழுத்துவரும் ஒரு பீடியை வாங்கித் தருபவர் பெரும்பாலும் பார்க்க வந்த நண்பரே.

வீட்டுக்கு வந்தபின் குத்தவைக்கும் கழிப்பறை ஒரு தடை. மேல்நாட்டுக் கழிப்பறை இல்லாத வீட்டில், நடுவில் துளையுள்ள நாற்காலியை வாங்கியோ இரவல் பெற்றோ வைத்துக்கொள்ளலாம். அதிலும் சில நிமிடத்துக்கு மேல் அமரக்கூடாது. கழித்தபின் நீர் ஊற்றிக் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள். விசைத்தறியில் வேலை செய்வோர், நின்று பார்க்கும் வேலையாதலால், உட்கார்ந்து தொழில் செய்வோரைவிட முன்னதாகத் திரும்பலாம். பளு தூக்குவது மட்டும் ஆகாது. சைக்கிளும் இருசக்கர வண்டியும் கடைசியாகத் திரும்பவேண்டியவை. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பின்பே அவற்றில் ஏறவேண்டும்.

எவ்வளவு கவனித்தாலும் தையலின் ஓர் ஓரம் விரிவதும், மடலின் நுனி சிறிது கறுப்பதும் இப்பகுதியில் அடிக்கடி நிகழ்வனவே. அறுவை தோற்றுவிட்டதாகப் பொருளன்று. பெரும்பாலான சிறு விரிசல்கள் கட்டுமாற்றத்திலேயே ஆறிவிடுகின்றன. ஆனால் புதிதாகக் காய்ச்சல், பெருகும் சீழ், புண்ணிலிருந்து சிறுநீரோ மலமோ கசிவது ஆகியவை கண்டால் குறித்த நாள் வரும் வரை காத்திருக்கவேண்டா.

கட்டு மாற்றுவது யார் என்பது பல வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத சங்கடம். மாமனாரின் புண்ணை மருமகள் துடைக்க நேர்கிறது. தாயின் புண்ணை மகன் பார்க்க நேர்கிறது. இருவருமே கண்களைத் தாழ்த்திக்கொள்கின்றனர். மருத்துவமனையில் இருக்கும்போதே, யார் செய்வது நோயாளிக்கு ஒப்பும் என்று அவரையே கேளுங்கள். அவருக்குப் பதிலாக முடிவு செய்யாதீர்கள். செய்யப்போகிறவர் செவிலியரின் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளட்டும். பெண் நோயாளி பெண் செவிலியரைக் கேட்பதும், திரை போடச் சொல்வதும் அவருடைய உரிமை. யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளையும் இயன்முறை மருத்துவத்தையும் வீடு தேடிக் கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

செலவைப் பற்றி. பிளாஸ்டிக் அறுவைத் துறை உள்ள அரசு மருத்துவமனைகள் நமக்கு எட்டும் தொலைவில் இரண்டு: பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெயர் இல்லாதோர், நோய் வரும் வரை காத்திராமல், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டதாயின் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, யாரும் கேட்காமல் போகும் கேள்வி. தாம்பத்திய உறவு இயலுமா? பெரும்பாலோருக்கு இயலும், தழும்பு மென்மையாகும் வரை சில மாதம் பொறுக்கவேண்டும். மடலில் உணர்வு முன்போல் இராது, சில இடங்களில் மரத்திருக்கும். யோனிக்குழாயை மீண்டும் அமைத்துக்கொண்ட பெண்கள் அது சுருங்காதிருக்கச் சில காலம் விரிப்பான் பயன்படுத்த நேரும். தொடையிலிருந்து வந்த தோலில் முடி முளைப்பதும், உடல் பருத்தால் மடலும் சேர்ந்து பருப்பதும் உண்டு. ஆறு மாதத்துக்குப் பின் சிறு அறுவையால் மெலிதாக்கிக்கொள்ளலாம். மலக்குடல் அறுவையில் நரம்பு பாதிக்கப்பட்ட ஆண்களுக்கு விறைப்புக் குறைவு ஏற்படுவதுண்டு. அதற்கும் மருந்துகள் உள்ளன. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்து, புறநோயாளிகள் கூட்டம் குறைந்த நேரத்தில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மருத்துவருக்கு இது நாள்தோறும் கேட்கும் கேள்விதான்.

தற்காலிகத் துளை வைத்திருப்போர் அதை மூடும் நாளைக் குறித்துக்கொண்டுவிடுவது நல்லது. புண் முழுவதும் ஆறிய பின்னரே, பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து, ஆசனவாயின் இறுக்கும் தசை சரியாக இயங்குகிறதா என்று சோதித்துவிட்டு மூடுவர். அந்த இடைக்காலத்தில், தசையை இறுக்கிப் பத்து எண்ணி விடும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அனுமதி கிடைத்த நாள் முதல் படுத்தபடியே செய்துவாருங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது விடுவிப்புச் சீட்டையும், அண்மையில் எடுத்த மூன்றுமாதச் சராசரிச் சர்க்கரை அறிக்கையையும் கையோடு கொண்டுவாருங்கள்.